சண்டைக்கும் நேரம் ஒதுக்கிய மேஸ்திரி

அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? வீடா கட்டப்போகிறீர்கள்? அப்படியென்றால் கட்டாயம் சொல்ல மாட்டேன். 'யாரும்மா அது?' என்று வாயைப் பிளக்கிற நேரத்துக்கு, போய் அடுப்பில் இருப்பதைக் கிளறலாம். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

வாளையாற்றுக்கு இந்தப் பக்கம், சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்த மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான். கேரள எல்லையோரத்து எங்கள் எருத்தேன்பதியில் அவருக்கு மத்தநாள் மேஸ்திரி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அவர் சம்சாரத்துக்கே மறந்துபோயிருக்கும்.

வேலை எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் 'மத்தநாள்' என்பார். மலையாளத்தில் அதற்கு நாளை மறுநாள் என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு, வேறு ஏதோ ஒரு நாள். இரண்டு மொழிக்காரர்களுமே நிம்மதியாகப் போவார்கள். இரண்டு நாள் கழித்து மலையாளி மட்டும் திரும்பி வந்து கத்துவார். "நான் தமிழ்ல சொன்னேனுங்" என்பார் மேஸ்திரி.

ஆனால் யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று விசாரித்த பிறகு ஒரு நேரம் சொன்னாரானால், சூரியனே அவரைக் கேட்டுத்தான் இறங்கும்.

எங்கள் கதையைக் கேளுங்கள். ஓட்டு வீட்டைப் பிரித்துப்போட்டு மாட்டுக் கொட்டகையில் குடியிருந்தோம். மாடு தினமும் எங்களை முறைத்தது. சுவர் எழும்பிவிட்டது, மேலே தளம் போடவில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம், எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். சம்பந்தியம்மா போன் போட்டார். "கூரையில்லாத ஊட்டுல எப்படீங்? மழை வந்துட்டா என்ன பண்ணுவீங்க? புள்ளை இங்கயே இருக்கட்டும். உங்குளுக்கு எதுக்குச் செரமம்?" சர்க்கரைப் பாகில் முக்கிய ஊசி. அன்றைக்கே மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினேன்.

மகன் பிளானை விரித்தான். மேஸ்திரி அதை மடித்து அவன் கையிலேயே கொடுத்தார். "ஊடு எத்தனை பெருசுன்னு அது சொல்லும் தம்பி. ஆளுக எப்படின்னு சொல்லுமா? கலவைச் சட்டி தூக்க யாரு வர்றாங்க?"

"சரசு, மாராத்தா, அப்பறம் அவிய கூட்டம்" என்றேன்.

"ஓர்ப்படியாளுக ரெண்டு பேருமா? ஒரே மாமியா மருமகளுகளாச்சே, பேசிக்கறாங்களா?"

"இவ ஆடு அவ அவரையைத் தின்னதுல இருந்து இல்லீங்."

"அப்பச் சண்டைக்கு ஒரு நேரம். மிக்சர் மெஷின் ஓட்டறவனுக்கு நிச்சயம் ஆயிருச்சாமா?"

"போன வாரந்தானுங்."

"போனுக்கு ஒரு நேரம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்காவுக்குக் கொஞ்சம் பெரிய நேரமா வெச்சுக்கலாம்."

"எனக்கெதுக்குங்? நானா சட்டி தூக்கறேன்?"

"யோசனை சொல்லுவீங்கல்லொ!"

மகன் சிரிப்பை அடக்க இருமினான். இருமலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், நன்றாகக் கசக்கட்டும் என்று.

"எல்லாஞ் சேத்து வெளக்கு வெக்கறதுக்குள்ள முடியும்" என்றார். மத்தநாள் என்று சொல்லாததிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

தளம் போடுகிற அன்று காலை எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏஞ் சரசு, உங்க ஆடு நல்லாருக்குதா?"

அவ்வளவுதான். "அவரைக்காய் தின்ன ஆடு நல்லா இல்லாம?" என்றாள் மாராத்தா. "வேலி கட்டத் துப்பில்லாதவ எதுக்கு அவரை போடறா?" என்றாள் சரசு. மாமியார் காலத்துக் கணக்கெல்லாம் வெளியே வந்தது. நான் விலக்கிவிட ஓடினேன். மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார். "உடுங்க்கா. இப்ப முடியலீன்னா கான்கிரீட் போடறப்ப நடுவால வரும். பாதில நின்னா ஒட்டுன எடத்துல ஒழுகும்."

இருவருக்கும் தொண்டை கட்டியதும், "ஆச்சா? மெஷினை ஓட்டுடா" என்றார். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். பேசவும் முடியாது, மெதுவாகத் தூக்கவும் ரோஷம் விடாது. சட்டி ஒருத்தி கையிலிருந்து மற்றவள் கைக்குப் பறந்தது.

மத்தியானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தளத்தில் பாதிதான் ஆகியிருந்தது. மேகத்துக்குள் சம்பந்தியம்மா சிரிப்பது போலிருந்தது. மேஸ்திரி, ஆட்களுக்கு நான் ஆக்கியிருந்த பிரியாணியை ஒத்திவைத்து ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுக்கச் சொன்னார். மிக்சர்காரன் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அது அடித்தபோது, "அவன் வேலையா இருக்கறான் கண்ணு, நீ நல்லாருக்கறயா?" என்று அவரே விசாரித்துவிட்டு வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, இன்னும் நேரம் பத்தலை. உங்குளுக்கு வெச்சது அப்படியே கெடக்குது. குடுத்தர்றீங்களா?"

மகளை நினைத்துக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்தேன். தெற்கு மூலையில் ஒரு சட்டி குறைவாக விழுந்தது தெரிந்தது. சொல்லவில்லை. கண் பிதுங்கியது. நான் சொல்லாமலே மேஸ்திரி அதை நிரப்பியபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது.

கடைசிச் சட்டியைத் தட்டி மட்டம் செய்து, மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டு ஆட்கள் இறங்கும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. விளக்கு வைக்க இன்னும் நேரமிருந்தது. உடனே சம்பந்தியம்மாவுக்கு வீடியோ போட்டு, மழையையும் தளத்தையும் ஒன்றாகக் காட்டினேன். "மழை விட்டு, தளம் காஞ்சு, பால் காய்ச்சுனதும் வர்றோமுங். புள்ளை துணிமணியெல்லாம் எடுத்து வெக்கட்டும்" என்றேன். அந்தப் பக்கமிருந்து "ஆகட்டுங்" என்று வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி எதிர்வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்த மேஸ்திரி எப்படீங்க்கா? நாங்களும் வாசல் பக்கம் எடுத்துக் கட்டலாம்னு இருக்கறோம்."

"அந்த ஆளா? ஐயோ, வேண்டாஞ் சாமி! நேரங்காலம் தெரியாத மனுசன். காலைல வந்ததும் ஊரு சண்டையை மூட்டி உட்டுட்டு வெத்தலை போடறாரு. பசிச்ச வாய்க்குச் சோறு போட உடமாட்டீங்கறாரு" என்றேன். எங்களுக்கு மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும். அது எந்த வருஷமோ தெரியாது. அதுவரை அவரை இன்னொருத்தர் வீட்டுக்கு விட எனக்கென்ன பைத்தியமா?

பாப்பாத்தி லேசுப்பட்டவள் இல்லை. "அப்பறம் எதுக்குங்க்கா நேத்து அவுரு சம்சாரத்துக்கும் சேத்து தூக்குப்போசில பிரியாணி குடுத்து உட்டீங்க?" என்றாள்.

அத்தனை ஆளும் சாப்பிட்ட பிறகு அண்டாவில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. பந்திக்கு முன்னாலேயே நல்ல துண்டாகப் பொறுக்கித் தனியே எடுத்து மூடி வைத்தது நான்தான்.

"மீந்து போச்சு பாப்பாத்தி" என்றேன். "வீசறதுக்கு மனசு வல்லை."