மாட்டிக்கொண்ட செரட்டோனின்

லேப் பக்கத்துக் கதவு திறக்கவில்லை.

"இன்னொரு தடவை நல்லா இழுடா, தென்னரசு!" வகுப்பறையிலிருந்து வேணி குரல் கொடுத்தாள்.

"இழுத்துக்கினுதான் மிஸ் இருக்கேன். மழையில கட்டை ஊறிப்போச்சு!"

வேணி அந்தத் திண்டிவனத்துப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாவது இன்றைய இன்ஸ்பெக்‌ஷனைப் பொறுத்தது. விழுப்புரத்திலிருந்து வரும் அதிகாரிக்காகத் தலைமையாசிரியர் காலையிலிருந்து கேட்டில் மாலையோடு நின்றார்.

வேணி பாடத்தை நடத்திக்காட்டாமல் நடித்துக்காட்ட முடிவு செய்திருந்தாள். நரம்பு செல் தகவல் சொல்ல வெளியே அனுப்பும் பொருள் செரட்டோனின். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது கடத்திப் புரதம். வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது. வகுப்பறைக்கும் லேபுக்கும் நடுவே, இரு பக்கமும் கதவு வைத்த குட்டி அறை ஒன்று இருந்தது. அதுதான் புரதம். லேப்தான் செல்லின் உட்புறம்.

பாடம் தொடங்கும் நேரத்தில் வெள்ளைச் சட்டையும் தோள்பையுமாக ஒருவர் வந்து, "கதவைப் பாக்கச் சொன்னாங்க" என்றார்.

தலைமையாசிரியர் பாடத்தைப் பற்றி அதிகாரியிடம் அதற்குள் சொல்லிவிட்டார் என்று வேணிக்குப் பூரிப்பு.

"வாங்க சார், நீங்கதான் செரட்டோனின்!"

அவர் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினாள். பள்ளிக்கூடத்து வழக்கம் போலும் என்று அவர் பையை ஒதுக்கிக்கொண்டார். சோடியம் கூட வந்தால்தான் புரதம் ஏற்றுக்கொள்ளும் என்பதால், சோடியம் அட்டை குத்திய சுதாகரையும் சேர்த்து அறைக்குள் அனுப்பினாள். ஷாலினி வகுப்பறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம்தான் லேப் கதவு இந்த வேலையைக் காட்டியது.

"சரி, வந்த வழியே வரட்டும். ஷாலினி, இந்தக் கதவைத் தொற."

"அந்தக் கதவை மூடியாச்சுன்னு தென்னரசு சொல்லணுமே மிஸ். நீங்கதானே சொன்னீங்க?"

"அது தொறக்கவே இல்லடி!"

ஷாலினி பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். தாழ்ப்பாளின் பிடி கையோடு வந்துவிட்டது; ஒரு ஸ்க்ரூ கதவடியில் உருண்டு உள்ளே போனது.

"இதை மாட்டுனது யாரு? ஒரு ஸ்க்ரூகூட ஒழுங்கா முடுக்கல!" என்று உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

ரிப்போர்ட்டில் முதல் குறை ஏறிவிட்டது என்று வேணி முடிவுகட்டினாள்.

முன் பெஞ்சுக் காயத்ரி எழுந்தாள். "மிஸ், கதவு அடைச்சிக்கினா என்ன ஆவும்?"

"மனச்சோர்வுக்குக் குடுக்கிற சில மாத்திரை அப்படித்தான் அடைக்கும். செரட்டோனின் வெளியவே தங்கி இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்."

வகுப்பு குறித்துக்கொண்டது.

"கொஞ்ச நேரம்னா எவ்ளோ நேரம், டீச்சரம்மா?" என்று கேட்டது செரட்டோனின்.

"மிஸ், சோடியம் மட்டும் ஜன்னல் வழியா வரலாமா?" என்றான் சுதாகர். ஜன்னலில் கம்பி இருந்தது.

பின் கேட் வழியாக வந்து, வராந்தாவில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா நடக்குது இங்க?"

"பாத்தா தெரியல? ஜல்தியா போய் ஸ்டோர் ரூம்ல சுத்தியல் எடுத்துக்கினு வாங்க!"

"ஸ்டோர் ரூம் எங்க?"

"ஸ்கூல்லயே இருந்துக்கினு இதுகூடத் தெரியாதா? மாடிப்படிக்குக் கீழ!"

அவர் போய்ச் சுத்தியலோடு வந்தார்.

"இது ஆணி அடிக்கிறதுக்கு. பெருசா வேணும்."

அவர் மறுபடியும் போனார். பெரியதைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு போடு போடுங்க. உள்ள பெரிய அதிகாரி இருக்காரு, பாத்து!"

அவர் சுத்தியலை ஓங்கிய நேரத்தில் அட்டெண்டர் சுப்பராயலு மூச்சிரைக்க ஓடிவந்தார். கதவைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிஸ், ரிப்பேருக்கு வந்த கார்பெண்டரை உள்ள வச்சிப் பூட்டிக்கினு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அய்யாவை ஏன் மிஸ் கதவை ஒடைக்கச் சொல்றீங்க?"