கடல்மட்டம் மாமா ஏறிய மலை

கடலூர் முதுநகரில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற அத்தனை பேரிலும் மலையேறுவதை முழுநேர வேலையாக வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். முதுநகரில் மலை கிடையாது என்பது அவருக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. மலை எங்கேயோ இருக்கிறது, நாம் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் 'கடல்மட்டம்'. எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் மட்டும் கூட ஒரு 'மாமா' சேர்த்துக்கொள்வேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முப்பது வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏன் மாமா இந்த வயசில் மலை என்று யாராவது கேட்டால், "முப்பது வருஷமா தட்டையா இருக்கறதையே அளந்துட்டேன் மாப்ள. கொஞ்சம் நிமுந்து நிக்கறதையும் பாக்க வேணாமா?" என்பார்.

வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தாள். அதில் மணி பார்த்து அவரை நான் கண்டதில்லை. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று அது சொல்லும். அதை அவர் ஊருக்கே சொல்வார். ஒருநாள் டீக்கடையில், "மாஸ்டர், நீங்க அஞ்சு மீட்டர் ஒசரத்துல டீ போடறீங்க, தெரியுமா?" என்றார்.

மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அதான் எல்லாரும் சக்கர ஜாஸ்தி கேக்கறாங்களா?"

ஒரு நவம்பர் காலை மாமா தெருவில் ஓடி வந்தார். "மாப்ள! நம்ம தெரு நாப்பது மீட்டர் ஒசந்துடுச்சு!"

வெளியே வந்து பார்த்தேன். தெரு அதே இடத்தில், அதே சாக்கடையோடு கிடந்தது. அவர் கடிகாரத்தை உற்றுப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "தெரு ஒசரல. காத்தழுத்தம் கொறஞ்சிருக்கு. இந்தக் கடிகாரம் காத்த வச்சுத்தான் ஒசரம் சொல்லுது. பெரிய மழ வருது, சாமானெல்லாம் பரண்ல ஏத்துங்க!" என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினார். பாதிப் பேர் சிரித்தார்கள். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். சிரித்தவர்கள் வீட்டில் மட்டும் அரிசி மூட்டையும் சேர்ந்து மிதந்தது. அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே, "இன்னிக்கி நாம எவ்ளோ ஒசரம் சார்?" என்று மீன்காரம்மா முதற்கொண்டு விசாரிப்பார்கள்.

பயிற்சிக்கு அவருக்குக் கிடைத்த சிகரம் ரயில்வே ஜங்ஷன் நடைமேம்பாலம். முதுகில் பன்னிரண்டு கிலோ பை, இரண்டு கையிலும் மலையேறும் கோல்கள், பையின் மேல் செல்போன் சார்ஜ் ஏற்றும் சூரியத்தகடு. பிளாட்பாரம் டிக்கெட்டை முறையாக வாங்கிக்கொண்டு நாற்பது தடவை ஏறி நாற்பது தடவை இறங்குவார். ஒருநாள் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் மறித்தார்.

"எந்த ட்ரெயினுக்கு சார் போறீங்க?"

"ட்ரெயினுக்கு இல்ல சார். மலைக்கு."

"மலைக்கு எந்த பிளாட்பாரம்?"

பையைத் திறந்தால் பொட்டலம் பொட்டலமாக அரிசி. சந்தேகம் முற்றிவிட்டது. சாட்சி சொல்ல அவர் மனைவியைத் தேடி ஆள் வந்தது. சரோஜா அத்தை மெல்லத்தான் நடப்பாள். துணைக்கு நானும் போனேன். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவுரு எங்கயும் கடத்த மாட்டாருங்க. ஏத்தி எறக்கிட்டு வந்து திரும்ப டப்பாவுல கொட்டிடுவாரு. எங்க வூட்டு சோறே அதான்."

போலீஸ்காரர் சல்யூட் அடிக்காத குறை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய தொல்லை தாங்காமல் நானும் ஒருமுறை கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அத்தை சிதம்பரத்தில் தன் தங்கை வீட்டில் இருப்பாள். அன்றும் அவளை அங்கே விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிப் போய், அடிவாரத்தில் வழிகாட்டி கோவிந்தனைச் சேர்த்துக்கொண்டு ஏறினோம். கோவிந்தன் அந்த மலையிலேயே பிறந்தவர். ரப்பர் செருப்போடு நடப்பார். மாமாவின் போனில் இருந்த வரைபடம் வலது பக்கம் காட்ட, கோவிந்தனின் கால் இடது பக்கம் போகும். கடைசியில் இடது பக்கம்தான் வழி இருக்கும். "மேப்ல இந்தாளு பேரத்தான் போடணும்" என்று மாமா சந்தோஷமாகத் தோற்பார். எனக்கோ நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது மாமாவைக் காணவில்லை. பை இருக்கிறது, ஆள் இல்லை. கூப்பிட்டோம், விசில் அடித்தோம். பதில் இல்லை. அறுபத்தேழு வயது. கீழே பள்ளம். அத்தைக்கு என்ன பதில் சொல்வேன்?

முக்கால் மணி நேரம் தேடினோம். கோவிந்தன்தான் முதலில் பார்த்தார். வழியை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு பாறை உச்சியில், தூறலில் நனைந்தபடி மாமா நின்றிருந்தார். ஒரு கோலின் நுனியில் போனைக் கைக்குட்டையால் கட்டி ஆகாயத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"மாமா! உயிரே போயிடுச்சு! அங்க இன்னா பண்றீங்க?"

"கத்தாத மாப்ள. இப்பதான் டவர் வந்திருக்கு."

போனில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். அத்தையின் குரல் மேலிருந்து விட்டு விட்டு வந்தது.

"மூணு மணி மாத்திர போட்டியா சரோ?" என்று அண்ணாந்து கத்தினார் மாமா.

"போட்டேன்... சொல்லுங்க, எவ்ளோ ஒசரம்?"

"எழுநூத்தி எம்பது மீட்டர்!"

"அங்கேருந்து இன்னா தெரியுது?"

மாமா சொல்ல ஆரம்பித்தார். அடுக்கடுக்கான மலை, நடுவில் பிளந்துகொண்டு இறங்கும் ஓடை, தினைக்கொல்லை, இந்தப் பக்கம் மூங்கில், அந்தப் பக்கம் மழை. நில அளவைக்காரர் அல்லவா, எதையும் விடவில்லை. போனில் அத்தை 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மலைன்னா அவளுக்குத்தான் உசுரு. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு மல காட்டுங்கன்னு கேட்டா. எனக்கு லீவு கெடைக்கல. லீவு கெடச்சப்ப பொண்ணு படிப்பு. ரிட்டயர் ஆயி வந்தா அவளுக்கு இதயத்துல கோளாறு. மலையெல்லாம் ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். 'நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க'ன்னா. அதான் ஆறு வருஷமா சொல்லிகினு இருக்கேன்."

சொல்லிவிட்டு இறங்கினார். ஈரப்பாறை வழுக்கியது. முழங்கால் பிசகிக்கொண்டது. கோவிந்தனும் நானும் தாங்கித் தாங்கிக் கீழே கொண்டுவந்தோம். "சரோவுக்குத் தெரியக் கூடாது" என்று வழியெல்லாம் சத்தியம் வாங்கினார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அத்தையே போன் செய்தாள். அவர் 'ஹலோ' என்றதுதான் தாமதம், "எந்தக் காலு?" என்றாள்.

அடுத்த மாதம் அத்தைக்கு சிதம்பரத்தில் இதயப் பரிசோதனை. மாமாவின் காலில் கட்டு. அதனால் என் காரில் இருவரையும் கூட்டிப் போனேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, மாமாவின் காலைக் காட்டி என்னவென்று கேட்டார். மாமா மலைக்கதையைச் சொன்னார். "நீங்க ஏறக்கூடாதுன்னுட்டீங்களே டாக்டர், அவளுக்குப் பதிலா நான்..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏறக்கூடாதுன்னுதான் சொன்னேன். போகக்கூடாதுன்னு எப்ப சொன்னேன்? அந்த மலை மேலயே பஸ் போகுதே. கார்ல உக்காந்து போயிட்டு வந்தா இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நடக்கிற வேலை மட்டும் வேணாம்."

அத்தை மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள்.

"மலை மேல பஸ் போவுதா?"

"போவுது," என்றார் மாமா, தரையைப் பார்த்து.

"ஆறு வருஷமா போவுதா?"

"அதுக்கு முன்னாடிலேருந்தே போவுது சரோ. நான்... நடந்தே போய்ப் போய்... டாக்டரக் கேக்கத் தோணல."

அத்தை திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பத்துக் குற்றம் செய்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். வளைவுகளில் கார் ஏற ஏற அத்தை ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் கொடுத்தாள். மேலே ஒரு திருப்பத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். சாலையோரப் பாறையை முதலில் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "குளுருதுங்க!" என்று, ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னாள். கீழே கடலூரில் அப்போது மே மாத வெயில்.

தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னதுல பாதிதான் சரி," என்றாள்.

சர்வேயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எந்தப் பாதி தப்பு?"

"பச்சையா இருக்குன்னீங்க. எத்தினி பச்சைன்னு சொல்லவே இல்லியே."

மாமா கால்கட்டோடு நொண்டி நொண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அத அளக்க ஒண்ணும் கெடையாதே சரோ," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

திரும்பும்போது அத்தை அடுத்ததற்குத் திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். ஏலகிரிக்கு ரோடு உண்டாம், கொல்லிமலைக்கும் உண்டாம், தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னாராம். கள்ளக்குறிச்சி தாண்டியதும் பின்சீட்டில் பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அத்தை மாமாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

முதுநகர் வந்து சேரும்வரை நான் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.