பரம்பரை பார்த்துப் பால் அளப்பவர்

ஆடு வளர்ப்பவர்களில் மடியைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. சான்றிதழைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இன்று நாம் சந்திக்கப்போவது இரண்டாவது வகையை. ‘வம்சக்காரர்’ என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஆடே இல்லாத வீடுகளிலும் இவர் உண்டு என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டுக்குப் போனால், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்பே சுவரில் உள்ள கண்ணாடிச் சட்டம் உங்கள் கண்ணில் படும். படாவிட்டால், படும்படி உங்களை நாற்காலி மாற்றி உட்கார வைப்பார். சட்டத்துக்குள் இருப்பது அவருடைய அப்பாவோ தாத்தாவோ இல்லை. கப்பலேறி வந்த வெள்ளாடு ஒன்றின் ஆறு தலைமுறைச் சான்றிதழ்! கல்யாண ஃபோட்டோவை இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளித்தான் அதற்கு இடம் கண்டுபிடித்தார். "இதோட பாட்டி வேளைக்கு மூணு லிட்டர் சார். மூணு லிட்டர்!" என்பார். பேத்தி எவ்வளவு கறக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன காரியம் கெட்டுவிடும்.

பேத்தியின் பெயர் மகாராணி. வேளைக்கு அரை லிட்டர், அதுவும் மனசு வைத்தால். குளிர் அடித்தால் குறையும், வெயில் அடித்தால் குறையும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் அன்றைக்குச் சுத்தமாகக் கிடையாது. "உயர்ந்த ரத்தம் சார், எடுத்தவுடனே கொட்டிடாது" என்பார். அதே கொட்டகையின் கோடியில் புள்ளி நிற்கிறது. அவர் மனைவி சந்தையில் வாங்கிய ஆட்டின் குட்டி. அப்பா யார் என்பது அந்தச் சந்தைக்கே வெளிச்சம். வேளைக்கு இரண்டு லிட்டர். கறப்பது மனைவி, குடிப்பது குடும்பம், அந்தப் பாலில் போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டே மகாராணியின் பெருமை பேசுவது நம்மவர். அவர் வாழ்நாளில் ஒரு மடியையும் தொட்டதில்லை. தொட்டால் கருத்து மாறிவிடும் அல்லவா?

ஒருநாள் காலை, வாளியோடு வந்த மனைவியிடம் அறிவித்தார்.

"புள்ளியைக் கறிக்கடைக்காரருக்குச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றார்."

"எதுக்குங்க? என்ன பண்ணுச்சு அது?"

"ஒரே கொட்டகையில ரெண்டு ரகம் இருந்தா வம்சம் கலந்துடும்."

"ரெண்டும் பொட்டை ஆடு. எப்படிக் கலக்கும்?"

"உனக்குப் புரியாது. அதெல்லாம் ஜீன்."

அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் வம்சக்காரருக்குப் பேச்சு முடிந்தது. மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு அது. ஆனாலும் அவர் சண்டை போடவில்லை. ஆடுகளின் ரத்தத்தில் பால் மரபணுவைச் சோதித்துக்கொண்டிருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் நேரே போய், "அவர் சொல்ற அந்த ஜீனையே பார்த்துச் சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை மாலை டாக்டரம்மா ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இனம்ங்கிறது ஒரு சராசரிதான் சார். ஒரே இனத்துக்குள்ளயே ஆட்டுக்கு ஆடு மாறும். பாட்டிக்கு இருந்ததெல்லாம் பேத்திக்கு வந்தாகணும்னு இல்ல. பாலுக்குச் சத்துக் கொடுக்குற மரபணு மகாராணிக்கு மட்டமான ரகம். புள்ளிக்கு அம்மா வழி, அப்பா வழி ரெண்டும் அருமை. எவ்வளவு கறக்கும்னு தெரியணும்னா என்னைக் கேக்க வேண்டாம், வாளியைப் பாருங்க."

வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் தலை குனிந்திருப்பார்கள். நம்மவரோ தொடையைத் தட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே! எல்லாம் ரத்தத்துலதான் இருக்கு!"

மறுநாள் கறிக்கடைக்காரர் வந்தார். நம்மவர் கூச்சமே இல்லாமல் மகாராணியைக் கைகாட்டினார். மனைவி கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இதையும் விடமாட்டேன். அரை லிட்டரோ கால் லிட்டரோ, அது என் கைக்குப் பழகின ஆடு. நீங்க சான்றிதழைப் பார்த்து வாங்கினீங்க, அது வந்து சொல்லுச்சா நான் மூணு லிட்டர் கறப்பேன்னு?"

கறிக்கடைக்காரர் புள்ளியின் பாலில் ஒரு டீ குடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நம்மவர் திருந்தினாரா? சட்டத்திலிருந்து ஆறு தலைமுறையும் இறங்கின. டாக்டரம்மாவின் காகிதம் ஏறியது. கல்யாண ஃபோட்டோ இன்னும் கட்டிலுக்கடியில்தான். போன மாதம் புள்ளி குட்டி போட்டது. உடம்பு ஈரம்கூடக் காயாத அதைக் கையில் ஏந்தி, "இதை அளந்து பார்க்கவே வேண்டாம் சார். புள்ளியோட பொண்ணு!" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மகள் முதல் மதிப்பெண் வாங்கினால் அது உங்கள் பக்கத்து மூளை. மகன் கணக்கில் கோட்டைவிட்டால் அது அவனுடைய மாமன் வழி. இதைச் சொல்லும்போது நீங்கள் எந்த வாளியை எட்டிப்பார்த்தீர்கள்? இந்தச் சிரிப்புகூட அப்படியே உங்கள் அப்பாவுடையது என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். நீங்களும் அளந்து பார்க்காமலே நம்பியிருப்பீர்கள்.