பொன்ராஜ் விடாத புகை

எனக்கு நுரையீரல் புற்றுநோய் வந்ததற்கு என் மச்சினன் பொன்ராஜ்தான் காரணம் என்று ஊரையே நம்பவைத்தேன். அது பொய். நாற்பது வருடம் சிகரெட் குடித்தவன் நான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அதை எப்படி ஒப்புக்கொள்வது? புகைத்து மாட்டிய எத்தனை பையன்களை வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறேன்! அதனால் பழைய துறைமுகத்துப் பக்கம், செல்லையா அண்ணாச்சி பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றே குடித்தேன். (என்ன ஒரு முன்மாதிரி!) சட்டை நாறினால், எங்கள் வாசலில் பகிரங்கமாகப் புகைக்கும் பொன்ராஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் மனைவி எஸ்தர் தன் தம்பியைத்தான் திட்டுவாள்.

அறுவை சிகிச்சையில் வலது நுரையீரலில் ஒரு பகுதி போயிற்று. வீடு திரும்பியதும், மக்ரூன் பொட்டலத்தோடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "சார் சிகரெட் குடிப்பியளோ?"

தூத்துக்குடியில் பழி போடப் பஞ்சமா? நிலக்கரித் தூசி இருக்கிறது, லாரிப் புகை இருக்கிறது. நானோ, "தொட்டதே இல்ல. பக்கத்துல இருக்கவன் விடுத புகை இருக்கே..." என்று இருமிவிட்டு, எனக்காகப் பால் ஆற்றிக்கொண்டிருந்த பொன்ராஜைப் பார்த்தேன்.

அன்றோடு எஸ்தர் தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள், வீட்டுக்குள்ளும் விடவில்லை. அவன் அழுதான். சிகரெட்டை விட்டான். தினமும் காலையில் வாசலில் நின்றே என்னைக் கூப்பிட்டுக் கடற்கரைச் சாலைக்கு நடக்கக் கூட்டிப்போவான். நான் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம், "என்னாலதானே அத்தான்" என்பான். நான் தியாகியைப்போல அவன் தோளைத் தட்டுவேன். (அகராதிக்காரர்கள் 'கேவலம்' என்ற சொல்லுக்கு என் படத்தையே போட்டிருக்கலாம்.)

ஸ்கேன் சுத்தம் என்று வந்ததும் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். பிரியாணி வாசனையில் எல்லோரும் உருகி உருகி ஜெபிக்க, பொன்ராஜ் மட்டும் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றான். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, மூச்சு வாங்க வாங்கச் சொல்லிவிட்டேன்: "சிகரெட் குடிச்சது நான். அவன் மேல வீண்பழி போட்டேன்."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மச்சினனுக்காகத் தன் மேல பழி ஏத்துக்கிடுதாரே, என்ன மனசு!"

"பாஸ்டர் ஐயா, நெசமாத்தான்!"

யாரும் நம்பவில்லை. கூட்டத்திலிருந்த செல்லையா அண்ணாச்சியைச் சாட்சிக்கு இழுத்தேன். "அண்ணாச்சி, உங்க கடையில நான் என்ன வாங்குவேன்? சொல்லுங்க."

செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தவனும் நான்தான். மனிதர் கண்ணிமைக்காமல் சொன்னார்: "புளிப்பு மிட்டாய், சார்."

எஸ்தர் அழுதுவிட்டாள். "அவுகளே மன்னிச்சிட்டாக. உள்ள வாலே" என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, முதல் தட்டை அவனுக்கு வைத்தாள். செய்யாத குற்றத்துக்கு அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது. செய்த எனக்குப் பாராட்டு.

மறுநாள் நடக்கும்போது பொன்ராஜ் கேட்டான். "அத்தான், நெசமாவே நீங்கதானா?"

"நானேதாம்லே."

நடையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "சவத்து மூதி" என்றான். இத்தனை வருட உறவில் அவன் என்னைத் திட்டியது அதுதான் முதல்முறை. அதற்கப்புறம், "மெதுவா வாங்க, மூச்சு வாங்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும், மின்சாரம் போனாலும் பொன்ராஜ் முந்திக்கொள்வான்: "நாந்தான்க்கா செஞ்சேன்! வேணும்னா அத்தான்ட்ட கேளு, சொல்லுவாக." வீடே சிரிக்கும். எஸ்தர் மட்டும் என் பக்கம் நிற்பாள்.

"சும்மா இருலே. உனக்காகப் பொய் சொன்ன மனுசன் அவரு."