எதிர்வீட்டுக் கண்ணும் இருண்ட டிவியும்

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் மாடிப்படியில் சனிக்கிழமை காலை நிற்க இடம் கிடைக்காது. பூன் லேயிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் முதல் ரயில் பிடித்து வந்த கூட்டம் அது. மேலே ஜோதி சுவாமிகள். மின்சாரச் சாமான்களுக்குள் புகுந்த திருஷ்டியை எடுப்பதில் மன்னர். தட்சிணை என்று வாய் திறந்து கேட்கவே மாட்டார். பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை மட்டும் பணிவாக நிற்கும்.

அந்த வரிசையில் நம் தனசேகரனும் நின்றார். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்டில் மாடி எண் தெரியாவிட்டால், எண் பலகைக்குப் பின்னால் விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். தன் வீட்டு டிவியில் சத்தம் வந்து படம் வராமல் போனதும், மூளையைச் சீருடையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். இதை இப்போது அவரே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"எதிர்வீட்டுக் கண்ணு," என்றார் சுவாமிகள், தம் கண்ணைத் திறக்காமலே.

எதிர்வீடு மைமூன் அக்காவுடையது. கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவர். தோ பாயோவில் பதினெட்டு வருடமாகக் கதவுக்கு நேர் கதவு. தனசேகரனின் மனைவி சரஸ்வதிக்குப் பிரசவ வலி கண்டபோது டாக்சி பிடித்துக் கூட்டிப் போனவரே அவர்தான். அவர் வாசலைப் பார்த்து தனசேகரன் கண்ணாடியும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அக்கா இந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தார். தனசேகரனுக்கு நெஞ்சு உறுத்தியது. அதையும் திருஷ்டி என்றே நினைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஞாயிறு மாலை சுவாமிகள் க்யூஆர் அட்டையோடு வீட்டுக்கே எழுந்தருளினார். விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லி, தம் பித்தளை விளக்கைத் திரையருகே நீட்டினார். இருட்டுக்குள் மங்கலாக ஒரு முகம் தெரிந்தது. தனசேகரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அது செய்தி வாசிப்பவரின் முகம்.

"படம் உள்ளேதான் இருக்கு. அந்தக் கண்ணு மறைக்குது. இன்னும் ஏழு பூஜை செய்யணும்."

"உள்ள வரலாமா?" வாசலில் மைமூன் அக்கா. "என் கண்ணப் பத்திப் பேசுறீங்க. நேர்லயே காட்டிட்டுப் போறேன் லா."

கைப்பேசியின் டார்ச்சைத் திரையின் கீழ்ப்பக்கத்தில் அடித்தார். செய்தி வாசிப்பவரின் கழுத்துப்பட்டை தெரிந்தது.

"என் போனுக்கும் அருள் வந்துடுச்சா சாமி?"

சுவாமிகளின் விளக்கை வாங்கிக் கவிழ்த்தார். திரிக்கு அடியில் பளீரென்று ஒரு சின்ன டார்ச்.

"பேக்லைட் போயிருச்சு, அவ்வளவுதான். படம் ஓடுது, பின்னாடி வெளிச்சம் இல்ல. யார் டார்ச் அடிச்சாலும் தெரியும்."

சுவாமிகள் விளக்கை விட்டுவிட்டு, க்யூஆர் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார்.

"அக்கா, நான் ஒரு மடையன்," என்றார் தனசேகரன்.

"தெரியாதவங்கள மன்னிச்சிடலாம் தம்பி. உங்களுக்கு லைட்டையும் தெரியும், என்னையும் தெரியும்."

புது எல்இடி பட்டை வாங்கி மாட்ட தனசேகரனுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அக்கா பழையபடி பேச மூன்று மாதம் ஆயிற்று.

டிவி இருண்டால் அதன் பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள், மகாஜனங்களே. எதிர்வீட்டைப் பார் என்று கை காட்டுகிறவன் உங்கள் காசை மட்டும் கொண்டு போவதில்லை.