கடலைக்காட்டில் கோல்ஃப்

இந்த முறையும் பந்து அசையவில்லை. அதன் பக்கத்திலிருந்த மண் மட்டும் ஒரு கட்டியாகப் பெயர்ந்து வரப்பில் போய் விழுந்தது.

"சார், பந்த அடிக்கச் சொன்னா பூமிய வெட்டறீங்க," என்றான் மாது. "இது மம்பட்டி இல்லீங்க. கோல்ஃப் குச்சி."

ஆரோக்கிய பிரவீன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். கடத்தூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன் அவன். தினமும் சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பாப்பாரப்பட்டிப் பக்கம் சின்னம்மாளின் காட்டுக்கு வந்துவிடுவான். கடலை பிடுங்கிச் சும்மா கிடந்த காடு. பெங்களூர் கோல்ஃப் மைதானத்தில் பல வருஷம் ஆட்டக்காரர்களின் குச்சிப் பையைச் சுமந்துவிட்டு ஊர் திரும்பிய மாது அங்கேதான் சொல்லிக் கொடுத்தான். ஆரம்பித்த அன்றைக்குப் பந்து எங்கே இருந்ததோ, இன்றைக்கும் ஏறக்குறைய அங்கேயேதான் இருந்தது.

எல்லாம் ஒரு பித்தளை பொம்மையால் வந்த வினை.

காதலி பிளசியைப் பெண் கேட்கப் போனபோது அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ், ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி, "பொழுதுபோக்கு என்ன தம்பி?" என்று கேட்டார். அவர் தலைக்குப் பின்னால் ஷோகேஸில் ஒரு பித்தளை மனிதன் கோல்ஃப் குச்சியை ஓங்கியபடி நின்றான்.

"கோல்ஃப், அங்கிள்," என்று உளறிவிட்டான்.

அவர் முகம் ஒரு நொடி எப்படியோ ஆகி, பிறகு மலர்ந்தது. "அட! நமக்கும் அதுதான் உசுரு! ஈஸ்டர் முடியட்டும், பெங்களூர்ல ஒரு ஆட்டம் போடுவோம். ஆட்டத்துல மனுஷனோட குணம் தெரிஞ்சிடும். அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்."

பிளசி கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி போனில் கேட்டாள். "ஏன் இப்படிப் புளுகின? அப்பா ஆடுவாருன்னு எனக்கே தெரியாது. ஆனா அம்மா சொல்றாங்க, இப்பெல்லாம் விடியறதுக்குள்ள பைய எடுத்துட்டு ஆடக் கிளம்பிடறாராம்."

"டெய்லியா?"

"டெய்லி."

மறுநாளே பிரவீன் மாதுவைத் தேடிப் பிடித்தான்.

"மாது, நேத்து இங்க இவ்வளவு குழி இல்லியே?" என்றான் இப்போது, தன்னுடையதல்லாத பள்ளங்களைப் பார்த்து.

மாது எங்கோ பார்த்தான். "காட்டுப்பன்னிங்க சார். காலையில வந்து நோண்டிட்டுப் போவுது."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சின்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, கை அகலுது. அதான் கோளாறு," என்று மாது அவனுடைய அக்குள்களில் ஒரு துண்டைச் செருகினான். "இது கீழ விழக்கூடாது."

துண்டு விழவில்லை. பந்து முதல்முறையாகப் பறந்தது. ஆனால் பக்கவாட்டில் பறந்து, சின்னம்மாளின் பால் கேனை நசுக்கியது.

"எப்பா, மாட்ட விட்டியே, அது வரைக்கும் புண்ணியம்!" என்று கத்தினாள்.

"தலை தூக்கறீங்க சார்," என்றான் மாது. பிரவீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓங்கினான். பந்தும் தெரியவில்லை, எதிரே நின்ற மாதுவும் தெரியவில்லை. குச்சி கைநழுவிப் போய்க் கிணற்றில் விழுந்தது. மாது தப்பித்தது கடவுள் செயல்.

ஈஸ்டர் வந்து போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சனிக்கிழமை, புதுக் குச்சியைத் தன் பலம் முழுவதையும் கூட்டிச் சுழற்றினான் பிரவீன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. மாதுவும் சின்னம்மாளும் அவனைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் ரூம் வாசலில் கட்டிலில் கிடத்தினார்கள்.

வலிக்கு நடுவிலும் அவனுக்கு ஒரு நிம்மதி. ஈஸ்டருக்கு வந்து லீவு போட்டு வீட்டிலேயே இருந்த பிளசிக்குப் போன் செய்தான். "இடுப்பு போச்சு. நாளைக்கு ஆட முடியாதுன்னு அப்பாகிட்டச் சொல்லிடு."

சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "சொன்னதும் சட்டையப் போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. உன்னப் பார்த்தே ஆகணுமாம். காருல வந்துட்டு இருக்கோம். பாப்பாரப்பட்டில எங்க?"

சின்னம்மாளின் காடு என்று இடத்தைச் சொல்லிவிட்டு, முடிந்தது கதை என்று பிரவீன் கண்ணை மூடிக்கொண்டான். சுற்றிலும் பள்ளம், நசுங்கிய கேன், பழைய துண்டு. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிடும். புளுகனுக்குப் பெண்ணைக் கொடுப்பாரா?

கார் வந்து நின்றது. ஸ்தனிஸ்லாஸ் இறங்கினார். காட்டைப் பார்த்தார். மாதுவைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். யார் வந்தாலும் குதறப் பாயும் சின்னம்மாளின் நாய், வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவர் காலை நக்கியது. அவர் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு, வழி கேட்காமலே நேராகக் கட்டிலுக்கு வந்தார். சட்டைக்குள், இடுப்பு வலிக்குப் போடுகிற பட்டை பெல்ட் தெரிந்தது.

"அங்கிள், நாளைக்கு..." என்று பிரவீன் எழப் பார்த்தான்.

"படுங்க தம்பி, படுங்க!" அவர் அவசரமாக அவன் தோளை அழுத்தினார். "நாளைக்கும் வேணாம், என்னைக்கும் வேணாம். இடுப்பக் கெடுக்கற ஆட்டம் என்ன ஆட்டம்? நாம கேரம் ஆடிக்கலாம்."

"குணம் தெரியணும்னு சொன்னீங்களே அங்கிள்?"

அவர் பள்ளங்களை ஒருமுறை பார்த்தார். எதை நினைத்தாரோ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்லாவே தெரிஞ்சிடுச்சு. எம்பொண்ணுக்காக இவ்வளவு பாடுபடறவரு வேற யாரு கிடைப்பாரு? அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடறேன்."

பிளசி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரவீனுக்கு இடுப்பு வலி பாதி போய்விட்டது. ஆனால் ஒன்றும் புரியவில்லை.

சின்னம்மாள் நசுங்கிய கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்த ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தாள். பிறகு மாதுவிடம் திரும்பிக் கேட்டாள்.

"ஏம்ப்பா, காலையில வர்ற பன்னியும் சாயங்காலம் வர்ற பன்னியும் மாமனாரும் மருமவனுமா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே!"