கடைத்தெரு வளைவில் குடியேறிய முனி

ரொட்டிக்கார அய்யாவு சைக்கிள் மிதிக்கும்போது பின்னால் திரும்பிப் பேசுகிறவன். முன்னால் இருப்பது ரோடுதானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது என்பது அவன் கொள்கை. அன்று காலையும் மலாயாவின் புக்கிட் மெராந்தி கடைத்தெரு வளைவில், முடிவெட்டும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி ஒரு வேடிக்கையை வீசிவிட்டு, சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். சிரித்தார்கள். அவனுக்கு மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு சைக்கிள் நேராகப் போய்ப் பால்காரி கிருஷ்ணம்மா மேல் மோதியது.

ரொட்டிப் பெட்டி ஒரு பக்கம், பால்குடம் ஒரு பக்கம், கிருஷ்ணம்மா சாக்கடைக்குள். பாலில் ஊறிய ரொட்டியை ஒரு தெருநாய் வந்து பொறுமையாகத் தின்றது. ஊரிலேயே அன்றைக்கு வயிறு நிறைந்த ஒரே ஜீவன் அதுதான். ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருஷம் அது.

"ஐயோ, தப்பு என் மேலதாங்க!" என்று அய்யாவு தலையில் அடித்துக்கொண்டான். "பிரேக்கும் இல்ல, கண்ணும் ரோட்டுல இல்ல."

"சும்மா இருப்பா," என்று அதட்டினார் மளிகைக்கடை தங்கராஜு. "நீயா இடிச்ச? உன்னை ஒண்ணு தள்ளிச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"என்னைத் தள்ளினது என் வாய்தாங்க, முதலாளி."

"முனிடா! இந்த மரத்து முனி! காவு கேக்குது!"

கூட்டம் மரத்தை அண்ணாந்து பார்த்தது. சாக்கடையில் கிடந்தவளை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அய்யாவுதான் தூக்கினான். இடது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது.

அந்த வளைவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜொகூர் பாருவுக்குப் போகிற லாரிகள் அன்னாசியும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் பறக்கும். வளைவில் ஒரு கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம். மரத்தை ஒட்டித் தங்கராஜுவின் கடை. கடையிலிருந்து ஒரு தகரக் கொட்டகை புறப்பட்டு, அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், கோழிக்கூண்டு சகிதம் பாதி ரோடு வரை உலாவப் போயிருந்தது. மீதிப் பாதியில் மாட்டு வண்டிகள் நிற்கும். அந்தப் பக்கம் வருகிறவன் இந்தப் பக்கம் வருகிறவனைப் பார்ப்பது இடித்த பிறகுதான். முனி ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மரம் இருந்தது. கொட்டகை ஒளிந்துகொள்ளத்தான் ஒரு முனி தேவைப்பட்டது.

ஏனென்றால், டவுன் போர்டு அதிகாரி துவான் ஹாஷிம் அந்த மாதம்தான் ஒரு வரைபடத்தோடு வந்து போயிருந்தார். மரத்தையும் கொட்டகையையும் எடுத்துவிட்டு வளைவை நேராக்குவது, நடக்கிறவர்களுக்குக் கல் பதித்த ஓரம் போடுவது, வண்டிகளைத் தெருவுக்குப் பின்னாலிருக்கும் திடலுக்கு அனுப்புவது என்று திட்டம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். ஊர் கை தூக்கினால் வேலை தொடங்கும். இல்லாவிட்டால் கல்லும் தாரும் வேறு ஊருக்குப் போய்விடும்.

தங்கராஜு கணக்குப் போட்டார். மறுவாரமே மரத்தடியில் ஒரு சித்தர் முளைத்தார்.

சடைமுனிச் சித்தர் என்று பேர். முழங்கால் வரை சடை, மூக்கு வரை விபூதி, தொப்பை வரை உருத்திராட்சம். 'முனி எலும்பு' வரவழைப்பதில் மன்னர். ஒரு வெண்கலக் குண்டானில் பால் இருக்கும். சித்தர் ஒரு செம்புத் தீர்த்தத்தை அதில் விடுவார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுப்பார். உடுக்கை அடிக்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு குண்டானைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டுக்கூட விழாது! பால் கட்டியாகி, வெள்ளை வெளேரென்று ஒரு பாளம் பொத்தென்று இலையில் விழும். "முனி குடிச்சிட்டான்! எலும்பை விட்டுட்டான்!" என்று ஒரு அலறல். பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்களுக்கு முழங்கால் தானாக மடிந்தது.

அந்த எலும்பைக் காயவைத்து, நறுக்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டிக்கொண்டால் வளைவில் விபத்தே வராதாம். காணிக்கை, சேவல் ஒன்று, சம்சு சாராயம் ஒரு போத்தல். இரண்டும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு யாரும் அலைய வேண்டியதில்லை, பக்கத்திலேயே தங்கராஜு கடை. காலையில் முனிக்குக் கொடுத்த சேவல் சாயங்காலம் அதே கூண்டில் நின்று கூவும். முனி சைவமோ என்னவோ!

செனாயிலிருந்து வந்தார்கள், கெலாங் பாத்தாவிலிருந்து படகேறி வந்தார்கள். தோட்டத்து ஆட்கள் வேலை முடிந்ததும் குளிக்காமலே ஓடிவந்தார்கள். கூட்டம் இருக்கிற இடத்தில் பசி இருக்கும் அல்லவா? அய்யாவுவின் ரொட்டிப் பெட்டி மத்தியானத்துக்குள் காலியானது. அவன் பிரேக்கை மாற்றினான், மணி வாங்கினான், பெட்டிக்குப் பச்சைச் சாயம் பூசினான்.

முதல் நாளே அவன் மூக்கில் ஏதோ உறுத்தியது. தினமும் விடிந்ததும் தோட்டத்து ஸ்டோருக்கு ரொட்டி கொண்டுபோகிறவன் அவன். அங்கே ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைக்கும் அந்தப் புளித்த வாடை அவனுக்கு ரொட்டி வாடையைவிடப் பழக்கம். சித்தர் குண்டானிலிருந்து வந்ததும் அதே வாடைதான்.

முடிவெட்டும் கடை பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, "சாமி கூப்பிடறது முனியை இல்லடா. ரப்பர் ஸ்டோர்ல கணக்கெழுதற கிராணியை!" என்று காதோடு சொன்னான். பெஞ்சு விழுந்து விழுந்து சிரித்தது. அய்யாவும் சிரித்தான். சிரித்துவிட்டு ரொட்டி விற்கப் போனான்.

இதில் வியப்பு ஒன்றுதான். கூட்டத்தில் பாதிப்பேர் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள். காலையில் தங்கள் கையாலேயே வாளி வாளியாகக் கொண்டுபோய் உறைய வைத்ததைத்தான் மாலையில் வந்து விழுந்து கும்பிட்டார்கள். அவர்களுக்கு வாடை தெரியாதா என்றால், எப்படித் தெரியும்? அவர்கள் வேட்டியிலும் அதே வாடை, தலைமுடியிலும் அதே வாடை. சித்தர் கெட்டிக்காரர். மீன் விற்கிறவர்கள் நடுவில் கருவாட்டை ஒளித்து வைத்திருந்தார்.

கிருஷ்ணம்மா வீட்டுக்கு அய்யாவு தினமும் போனான். புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்தவள். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பிழைக்கிறாள். கை கட்டுப்போட்டுத் தொங்குகிறது. அவளுக்குப் பதிலாகக் கறக்கிறேன் என்று உட்கார்ந்தவனை மாடு உதைத்த உதையில், அவன் இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டான். அதற்கப்புறம் புல் அறுப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

"கிருஷ்ணம்மா, உனக்கு என்மேல கோவமா?"

"புல்லு ஈரமா இருக்குண்ணே, உதறிப் போடுங்க."

மறுநாள்.

"கோவம்னா சொல்லிடு தங்கச்சி. மாட்டை விட்டு இன்னொரு தடவை உதைக்கச் சொல்லு, வாங்கிக்கறேன்."

"இந்தச் செம்பைக் கொஞ்சம் எடுங்கண்ணே."

ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள். "நேத்து தோட்டத்துல பால் வெட்டற செல்லப்பண்ணனை லாரி இடிச்சிருச்சாமே. அவரு கையிலதான் முனி எலும்பு இருந்துச்சே?"

"எலும்பு இருக்குங்கிற தைரியத்துலதான் மனுஷன் ரெண்டு பக்கமும் பாக்காம இறங்கியிருக்காரு. கால் எலும்பு தப்பிச்சது பெரிசு."

"நான் தினம் விடிகாலையில அந்த வளைவுலதான் குடத்தோட நடக்கணும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நின்னா, என் மிச்சக் கையும் போயிரும். அந்தச் சாமி கிட்ட போனாலே ஒரு நாத்தம் அடிக்குதே, உங்களுக்கு அடிக்கலையா?"

"அடிக்காம என்ன? ஸ்டோர் நாத்தம். முதல் நாளே சொல்லிச் சிரிச்சோமே!"

கிருஷ்ணம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாட்டைத் தட்டிக் கொடுக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. துவான் ஹாஷிம் மரத்தடியில் போட்ட மேசையில் வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். எல்லோருக்கும் புரிகிற கடைத்தெரு மலாய் மொழியில், "உங்கள் தெரு, உங்கள் உயிர். பேசுங்கள்," என்றார்.

தங்கராஜு முந்திக்கொண்டார். "துவான், ரோடு நல்லதுதான். ஆனா மரத்துல கோடாலி விழுந்துச்சுன்னா முனி வீட்டுக்கு ஒரு உசுரு கேக்கும். நான் என் கொட்டகைக்காகவா பேசறேன்? ஊருக்காகப் பேசறேன்!"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம்.

சித்தர் எழுந்து குண்டானைக் காட்டினார். தீர்த்தத்தைத் தூக்கினார். தட்டில் கற்பூரம் எரிந்தது, உடுக்கை தொடங்கியது.

"சாமி, கொஞ்சம் பொறுங்க."

கட்டுப்போட்ட கையோடு கிருஷ்ணம்மா முன்னால் வந்தாள். நல்ல கையில் ஒரு செம்பு. "இது காலையில ஒத்தைக் கையால நான் கறந்த பால். இன்னைக்கு இதை எலும்பாக்கிக் காட்டுங்க. எங்க மாடும் புண்ணியம் கட்டிக்கட்டும்."

சித்தர் அதிர்ந்தது ஒரு கணம்தான். "முனி மாட்டுப்பால் தொடமாட்டான்!"

"அப்ப உங்க குண்டான்ல இருக்கிறது எந்தப் பாலு?"

"தேவலோகத்துப் பால்!"

"அப்ப அமுதம். நல்லதாப் போச்சு. நீங்க ஒரு வாய் குடிங்க, நான் ஒரு வாய் குடிக்கிறேன். என் கையும் கூடிரும்."

கூட்டத்தில் யாரோ, "குடிங்க சாமி!" என்றார்கள். பக்தியோடுதான் சொன்னார்கள்.

"இன்று நமக்கு விரதம்," என்றார் சித்தர்.

"காலையில கோழிக்கறி வாசம் அடிச்சுதே?" என்றது பெஞ்சுப் பக்கம். சித்தர் தங்கராஜுவைப் பார்த்தார். தங்கராஜு வானத்தைப் பார்த்தார்.

கிருஷ்ணம்மா திரும்பினாள். "செல்லப்பண்ணே, உங்க கையில இருக்கிற எலும்பைக் கழட்டி அந்தக் கற்பூரத்துல காட்டுங்க. எலும்பா இருந்தா எலும்பு கருகுற நாத்தம் வரும். மூக்கு எல்லாருக்கும் இருக்கு."

செல்லப்பன் கயிற்றைப் பார்த்தார். லாரி இடித்து வீங்கியிருந்த தன் காலைப் பார்த்தார். காலைப் பார்த்ததும் கை தானாகக் கயிற்றை அவிழ்த்தது.

தீயில் பட்டதும் எலும்பு உருகிச் சொட்டியது. கரிய புகை சுருள் சுருளாக எழுந்தது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்தது.

"அலமாக்! ரப்பர்லா இது!"

"கட்டிப்பால்டா! நம்ம ஸ்டோர்ல உறைய வச்சது!"

"நான் வெட்டின பாலுக்கு நானே சேவல் கொடுத்திருக்கேனா?"

சித்தர் இந்தச் சபையில் தம் வேலை முடிந்தது என்று உணர்ந்து ஓட்டம் பிடித்தார். தகரக் கொட்டகையின் நுனியில் சடை மாட்டியது. சித்தர் போனார், சடை அங்கேயே தொங்கியது. ஒட்ட வெட்டிய தலையோடு திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியவர், ரோட்டுக்குள் நீட்டியிருந்த மண்ணெண்ணெய் டின்களில் இடறிக் குப்புற விழுந்தார். முனி தள்ளவில்லை. சாட்சிக்கு ஊரே நின்றது.

"அட, போன வருஷம் எங்க ஸ்டோர்ல ஆசிட் கலக்கினவன்டா இவன்! ஆள் குறைப்புல போனவன்!" என்று செல்லப்பன் நொண்டிக்கொண்டே துரத்தினார்.

துவான் ஹாஷிம் தொண்டையைக் கனைத்தார். "ரோடு நேராக வேண்டும் என்பவர்கள்?"

கைகள் எழுந்தன. பலவற்றில் இன்னும் கறுப்புக் கயிறு இருந்தது. அதை மற்றக் கையால் மறைத்துக்கொண்டு தூக்கினார்கள். தங்கராஜுவின் கைகூட, அக்குளைச் சொறிவதுபோலப் பாதி உயர்ந்தது.

கூட்டம் கலைந்தபிறகு அய்யாவு சைக்கிளை உருட்டிக்கொண்டு கிருஷ்ணம்மா பக்கத்தில் நடந்தான். இந்தத் தடவை முன்னால் பார்த்துக்கொண்டுதான் நடந்தான்.

"ஜெயிச்சிட்ட தங்கச்சி. இப்பவாவது சொல்லு. என்மேல கோவமா?"

கிருஷ்ணம்மா நின்றாள்.

"ஆமா, கோவந்தான்."

"கையை ஒடிச்சதுக்கா?"

"அதுக்கில்லண்ணே. என் தப்புன்னு அன்னைக்கே சொன்னீங்க, அது அப்பவே ஆறிப்போச்சு. அது ரப்பர்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும். பெஞ்சுல நாலு பேரைச் சிரிக்க வச்சீங்க, ரொட்டி வித்தீங்க. செல்லப்பண்ணன் லாரியில அடிபட்டாரு. தெரியாம கும்பிட்டவங்களை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பொய்னு தெரிஞ்சா நடுத்தெருவுல நின்னு கத்திச் சொல்லணும்ணே. காதுக்குள்ள சொல்லிச் சிரிச்சுட்டுப் போனா, நீங்களும் அந்தச் சாமிக்குச் சேவல் பிடிச்சுக் கொடுத்தவருதான்."